எட்டை இரண்டால் வகுத்தால் குடும்பம் ஏன் பிரிகிறது?

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ 8÷2(2+2) = ? என்று போட்டார்கள். சித்தப்பா 16 என்கிறார். பி.இ. படித்த அத்தான் 1 என்கிறார். மூன்று நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. எது சரி? இந்த மாதிரிப் புதிர்களால் மூளைக்கு ஏதாவது லாபம் உண்டா? இப்போது எங்கே திரும்பினாலும் இவையாகவே இருப்பது ஏன்?

பதில்:

முதலில் சண்டையை முடித்துவிடுவோம். உங்கள் சித்தப்பாவும் சரி, அத்தானும் சரி. கேள்வியைத் தயாரித்தவர்தான் சரியில்லை.

சித்தப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தது இது: அடைப்புக்குறியை முடி, பிறகு வகுத்தலும் பெருக்கலும் ஒரே தரம், இடமிருந்து வலமாகப் போ. 8-ஐ 2-ஆல் வகுத்தால் 4, அதை 4-ஆல் பெருக்கினால் 16. அத்தான் கல்லூரியில் புரட்டிய புத்தகங்களில் வேறொரு வழக்கமும் உண்டு. பெருக்கல் குறி போடாமல் ஒட்டி எழுதினால் அது கயிறு போட்டுக் கட்டிய ஒரே மூட்டை, பிரிக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் 2(2+2) முழுவதும் 8. எட்டை எட்டால் வகுத்தால் 1. கால்குலேட்டர்களே இந்த விஷயத்தில் ரெண்டுபட்டு நிற்கின்றன. ஒரு கம்பெனி மெஷின் 16 காட்டும், இன்னொன்று 1 காட்டும். கணக்கை நிஜமாகவே தொழிலாக வைத்திருப்பவர்கள் யாரும் இப்படி எழுதுவதில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் கோடு என்று பின்னமாக எழுதிவிடுவார்கள், சண்டைக்கே இடம் இல்லை.

தமிழிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. ‘பழைய புத்தகக் கடை’ என்று ஒரு போர்டு. பழையது புத்தகமா, கடையா? போர்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். 8÷2(2+2) என்பது உள்ளே போக வாசல் இல்லாத கடை. அதன் வெளியே நின்றுகொண்டுதான் உங்கள் குடும்பம் மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறது.

இதே கணக்கு 2011-இல் 48÷2(9+3) என்ற வேஷத்தில் வந்தது. 2019-இல் 8÷2(2+2) என்ற வேஷத்தில் ட்விட்டரில் ஓடியது. இனியும் வரும். ஏன் சாகவில்லை என்பதற்குக் காரணம் கணிதத்தில் இல்லை, வியாபாரத்தில் இருக்கிறது. அந்த வியாபாரம் செல்போனை விட ரொம்பப் பழசு.

நம் நாட்டில் 1955-இல் பரிசுப் போட்டிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. எதற்காக என்றால், பெரும்பாலும் குறுக்கெழுத்துப் போட்டிகளுக்காக! அந்தக் காலத்தில் பத்திரிகைகளில் பரிசுப் பணம் வைத்து நடந்த போட்டிகளில் ஒரு சூட்சுமம் இருந்தது. ஒரு கட்டத்தில் ‘கல்’ என்று போட்டாலும் பொருந்தும், ‘பல்’ என்று போட்டாலும் பொருந்தும் என்கிற மாதிரிக் குறிப்பு கொடுப்பார்கள். எது ‘சரி’ என்பது ஏற்கனவே மூடி வைத்த உறைக்குள் இருக்கும். வார்த்தை தெரிந்தவன் ஜெயிக்க மாட்டான், உறைக்குள் என்ன என்று குருட்டாம்போக்கில் அடித்தவன் ஜெயிப்பான். ஆகவே ஜனங்கள் நுழைவுக் கட்டணம் கட்டி ஒன்றுக்குப் பத்தாக அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். சட்டம் ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு 1,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்போட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1957-இல், திறமையால் ஜெயிக்கிற போட்டி வேறு, சூதாட்டம் வேறு, இந்தச் சட்டம் பிந்தியதற்கு மட்டுமே என்று தீர்ப்பானது.

இப்போது அந்த உறையும் இல்லை, பரிசும் இல்லை. நுழைவுக் கட்டணம் மட்டும் இருக்கிறது. அதை நேரமாகவும் கோபமாகவும் வாங்கிக்கொள்கிறார்கள். ஃபேஸ்புக் 2018 ஜனவரியில் தன் வரிசைப்படுத்தும் முறையை மாற்றி, ஜனங்கள் பேசிக்கொள்ளும் பதிவுகளுக்கு முன்னுரிமை தருவதாக அறிவித்தது. கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் மெஷினுக்குப் பேச்சுக்கும் ஏச்சுக்கும் வித்தியாசம் தெரியாது. அதற்கு ஒரு வருஷம் முன்னாலிருந்தே, கோப முகப் பொம்மை உட்பட அந்த முகப் பொம்மைகள் ஒவ்வொன்றுக்கும் சாதாரண ‘லைக்’கைப் போல ஐந்து மடங்கு மதிப்புப் போட்டிருந்தார்கள் என்பது 2021-இல் வெளியே வந்தது. நல்ல புதிர் போட்டால் பத்துப் பேர் ‘அட’ என்று விட்டுப் போவார்கள். தப்பான புதிர் போட்டால் இருநூறு பேர் வந்து திருத்துவார்கள். கடைக்காரன் எதை முன்வரிசையில் தொங்கவிடுவான்?

‘100-இல் 99 பேருக்குத் தெரியாது’ என்ற தலைப்பும் இதில் சேர்த்தி. அந்த 99-ஐ யாரும் எண்ணவில்லை. சீண்டிவிடத்தான் அது.

நான் கேரள எல்லையோரம் செங்கோட்டையில் கணக்கு டியூஷன் எடுப்பவன். பையன்களுக்கு நான் முதலில் போடுகிற புதிர் இந்த ஊர் ரயிலோடு ஒட்டியது. உலகம் முழுக்க வேறு வேறு ரூபத்தில் இருக்கிற பழைய புதிர்தான். ஆனால் எங்களுக்குச் சொந்தமாகவே ஒரு குகை இருக்கும்போது வெளியூர்க் குகை எதற்கு?

செங்கோட்டை–புனலூர் பாதை 1904-இல் மீட்டர்கேஜாகத் திறந்தது. 2018-இல் அகலப்பாதையாகி மறுபடி திறந்ததை நீங்கள் ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள், பதிமூணு கண் பாலத்தின் மேல் வண்டி போகிற மாதிரி. இது அதற்கு ரொம்ப முந்திய கரிவண்டிக் காலம். பகவதிபுரம் தாண்டி ஆரியங்காவு போகிற வழியில் வண்டி குகைக்குள் நுழைகிறது. ஜன்னல்கள் திறந்து கிடக்கின்றன. வெளியே வந்தால், எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு வாத்தியார், ஒரு வக்கீல், ஒரு சுக்கு வியாபாரி மூன்று பேர் முகத்திலும் கரி. தன் முகம் தனக்குத் தெரியாது. மற்ற இருவரையும் பார்த்து மூன்று பேரும் சிரிக்கிறார்கள். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் சுக்கு வியாபாரி மட்டும் சட்டென்று சிரிப்பை நிறுத்தி, துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிறார். எப்படித் தெரிந்தது அவருக்கு?

அவர் இப்படி யோசித்தார்: ‘என் முகம் சுத்தமாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் வாத்தியார் கண்ணில் படும் கரி வக்கீல் முகத்துக் கரி ஒன்றுதான். வக்கீலும் சிரித்துக்கொண்டிருக்கிறார். யாரைப் பார்த்து? நான் சுத்தம், என்னைப் பார்த்து இருக்காது. அப்போ வாத்தியாரைப் பார்த்துத்தான். இது இந்நேரம் வாத்தியாருக்கு உறைத்திருக்கணும், சிரிப்பை நிறுத்தியிருக்கணும். மனுஷன் இன்னும் சிரிக்கிறாரே! அப்படியானால் என் முகமும் சுத்தம் இல்லை.’

எனக்கு இந்தப் புதிர் பிடிக்கக் காரணம், இதில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாத்தியார் செய்யாத ஒரு காரியம்தான் தகவல். (ஒரு நிபந்தனை உண்டு. வாத்தியார் புத்திசாலியாக இருக்க வேண்டும். மந்தமானவராக இருந்தால், முகம் சுத்தமாகவே இருந்தாலும் வியாபாரி அதைப் போட்டுத் தேய்த்திருப்பார். என் மாணவன் ஒருவன் இதைக் கேட்டதும், ‘அப்ப வாத்தியாரை நம்பிக் கணக்குப் போடக் கூடாதுங்கீங்க, அப்படித்தானே சார்?’ என்றான்.)

2014 நவம்பரில் வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்ததே, அது அப்படியே இந்த ரயில் பெட்டிதான். அதற்கு முன்னால், அனுப்பினேன், அவர் பார்த்தாரா தெரியாது. ரெண்டு பேருக்கும் மரியாதை மிஞ்சும். நீல டிக் வந்த பிறகு அவர் பார்த்தது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். பதில் வராதது இப்போது ஒரு பதில். சரி என்று நீல டிக்கை அணைத்து வைத்தால், ‘ஏன் அணைச்சு வச்சிருக்காரு?’ என்று அதுவும் ஒரு தகவலாகிவிடுகிறது. என் தங்கச்சி வீட்டு வளைகாப்புக்கு அழைப்பு அனுப்பி, யார் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள் என்று அவள் போட்ட கணக்கை, சுக்கு வியாபாரி கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பார்.

2015-இல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி உலகம் சுற்றியது ஒரு பிறந்தநாள் புதிர். ‘எனக்குத் தெரியாது, ஆனால் அவனுக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும்’ என்ற பேச்சிலிருந்தே ஜூலை 16 என்று பிடிக்க வேண்டும். அதுவும் இந்த வகை. அருமையான புதிர். ஆனால் அது பரவியது அருமைக்காக இல்லை. பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கான கேள்வி என்று ஒரு தலைப்பு ஒட்டிக்கொண்டது, பெற்றோர்களுக்கு வயிறு கலங்கிவிட்டது. உண்மையில் அது 14, 15 வயதுப் பிள்ளைகளுக்கான ஒலிம்பியாட் போட்டியில் கேட்டது.

தலைப்பு எப்படிப் பண்டத்தைக் கெடுக்கும் என்பதற்கு என் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இது கொஞ்சம் நீளும்.

பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு மெசேஜ் வருஷா வருஷம் சீசனுக்கு வரும். காம்புக்குப் பக்கத்தில் உள்ள சிறு முட்களை எண்ணு, 6-ஆல் பெருக்கு, 5-ஆல் வகு, சுளை எண்ணிக்கை வந்துவிடும். ‘நாசாவே வியந்த தமிழன் கணக்கு’ என்று மேலே ஒரு வரி. கீழே இரட்டை அம்பு, அதாவது பல கை மாறி வந்திருக்கிறது. கணக்கு கட்டுக்கதை இல்லை. காரிநாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் வெண்பாவாகவே இருக்கிறது. நாசாதான் கட்டுக்கதை.

என் மருமகன் ஒன்பதாம் வகுப்பு. ‘மாமா, செஞ்சு பாத்துருவோமா?’ என்றான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவிலிருந்து வந்த ஒரு பழம், சுமாரான பருமன். அங்கே அதைச் சக்கை என்பார்கள். பஸ்ஸில் சக்கையாக ஏறி, எல்லைக்கு இந்தப் பக்கம் புளியரையில் பலாப்பழமாக இறங்கியது. அவன் காம்பைச் சுற்றி எண்ணினான், 65. நான் எண்ணினேன், 80. காம்புக்குப் ‘பக்கத்தில்’ என்றால் எதுவரை? அவன் ஒரு விரல்கடை வைத்தான், நான் ஒன்றரை வைத்தேன். அவன் கணக்குப்படி 78 சுளை, என் கணக்குப்படி 96. வீட்டுக்காரி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்து எண்ணியதில் 113. அதிலும் எண்ணிக்கை முடிவதற்குள் எத்தனை வாய்க்குள் போனது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

ஏன் பொருந்தவில்லை என்பதுதான் எனக்கு ருசித்தது. பலாப்பழம் ஒரு பழமே இல்லை, ஒரு பெரிய பூங்கொத்து ஒட்டிப் பழமானது. வெளியே தெரிகிற ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. அந்தப் பூவில் மகரந்தம் சேர்ந்திருந்தால் உள்ளே ஒரு சுளை. சேராமல் போயிருந்தால் வெறும் நார்ப்பட்டை, அந்தப் பக்கத்தில் சகிணி என்கிறார்கள். ஆக முள்ளுக்கும் சுளைக்கும் சம்பந்தம் நிஜமாகவே உண்டு. ஆனால் எத்தனை பூவுக்கு அந்த வருஷம் அதிர்ஷ்டம் அடித்தது என்பது காம்படி முள்ளுக்கு எப்படித் தெரியும்? ஒரே மரத்துப் பழங்களிலேயே ஒன்று சுளை நிறைந்திருக்கும், ஒன்று சகிணியாகக் கிடக்கும்.

காரிநாயனாரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சந்தையில் நின்று ஒரு குத்துமதிப்புப் போட, பையன்களுக்குப் பின்னம் பழக்க, அந்த வெண்பா நல்ல சரக்கு. அவர் அதை நாசாவுக்கு அனுப்பவில்லை. நடுவில் யாரோ ஒருவன் ஒட்டிய வரிதான் ஒரு விளையாட்டுக் கணக்கைப் பொய்யாக்கியது. நான் இந்த முடிவைக் குழுவில் போட்டேன். ‘தமிழனாகப் பிறந்துவிட்டு இப்படிப் பேசலாமா’ என்று ஒருவர் விலகிப் போனார். அவர் அனுப்பிய கடைசி மெசேஜுக்கும் இரட்டை அம்பு.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இது. அடுத்தது அப்படி இல்லை.

தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்தார்கள். கேரளத்தில் அது அரசாங்கத் தொழில். 1967-இல் துறையே தொடங்கி, 1 ரூபாய் டிக்கெட்டுக்கு 50,000 ரூபாய் முதல் பரிசு என்று ஆரம்பித்து, 2022 முதல் ஓணம் பம்பருக்கு 25 கோடி என்று நிற்கிறது. எல்லை தாண்டினால் டிக்கெட், தாண்டாவிட்டால் கனவு. ஆகவே எங்கள் பக்கத்து போன்களில் ‘இன்றைய கெஸ்ஸிங்’ என்று கடைசி நாலு நம்பரைச் சொல்லும் சேனல்கள் ஏராளம். அதற்குப் பழகிய காதுகளிடம்தான் ஐபிஎல் சமயத்தில் டாஸ் ஜோசியர் வருகிறார்.

டீக்கடையில் ஒரு தம்பி, பெயர் வேண்டாம், மூச்சு வாங்க வந்து சொன்னான். ‘அண்ணாச்சி, அஞ்சு நாளா ஒருத்தர் டாஸ் யாருக்குன்னு முன்னாடியே மெசேஜ் போடுதாரு. அஞ்சும் சரி. காசு ஒண்ணும் கேக்கல. நாளைக்குள்ளதுக்கு மட்டும் 2,000 அனுப்பச் சொல்லுதாரு.’

நான் ஒரு துண்டுச் சீட்டை எடுத்தேன். 1,024 என்று எழுதினேன். இது ஜோசியர் கையில் உள்ள நம்பர்கள். முதல் நாள் பாதிப்பேருக்கு இந்த டீம் ஜெயிக்கும் என்கிறார், பாதிப்பேருக்கு அந்த டீம் என்கிறார். யாருக்குத் தப்பாகப் போனதோ அவர்களை விட்டுவிடுகிறார். 512. மறுநாள் இவர்களைப் பாதியாகப் பிரிக்கிறார். 256. பிறகு 128, 64, 32. ஐந்தாம் நாள் ராத்திரி 32 பேர் வீட்டில் அவர் தெய்வம். ஆளுக்கு 2,000 என்றால் 64,000 ரூபாய். ஒரு டாஸைக்கூட அவர் கணிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் அடங்கும். நாலு பட்டியல் இருந்தால் தொழில் ஆரம்பம்.

தம்பி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘அப்ப தப்பா வந்தவங்க சொல்லியிருப்பாங்கள்ல?’ என்றான். நல்ல கேள்வி. முதல் நாளே தப்பாகப் போன மெசேஜைப் பெற்றவன் அதை அழித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பான். அதை டீக்கடையில் வந்து சொல்ல அவனுக்கு என்ன இருக்கிறது? கடைக்கு வந்தது சரியாக வாய்த்தவன் மட்டும்தான். இதுவும் ரயில் பெட்டிக் கதைதான், ஆனால் இங்கே பேசாதவர்கள் பெட்டிக்குள்ளேயே இல்லை.

அவன் 2,000 அனுப்பவில்லை. ஆனால் மறுநாள் ஜோசியர் சொன்னது பலித்ததா என்று மட்டும் தெரிந்துகொள்ள அவனுக்கு ரொம்ப ஆசை இருந்தது. எனக்கும்தான்.

சரி, மூளைக்கு லாபமா என்று கேட்டீர்கள். அதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும். தன் விளையாட்டுகள் மறதியை விரட்டும், வேலையில் கெட்டிக்காரர் ஆக்கும் என்று மூளைப் பயிற்சி ஆப் விற்ற லுமாசிட்டி நிறுவனம், அதற்கு ஆதாரம் காட்ட முடியாமல், 2016-இல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டிச் சமரசத்துக்கு வந்தது. லாபம் பார்க்காமல் சந்தோஷத்துக்குப் போடுங்கள். 2021-இல் ஜோஷ் வார்டில் என்பவர் தன் துணைவிக்காகச் செய்த வேர்டில் என்ற ஐந்தெழுத்து விளையாட்டு அப்போது ஒரு நாளைக்கு ஒன்று மட்டும்தான் தந்தது, விளம்பரமும் இல்லை. ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. சில மாதங்களில் நியூயார்க் டைம்ஸ் விலைக்கு வாங்கியது. செய்தி படிக்க வராதவனும் கட்டம் நிரப்ப வருவான் என்பது பத்திரிகைகளுக்கு 1913-இல் முதல் குறுக்கெழுத்து வந்த காலத்திலிருந்தே தெரியும்.

எல்லையில் வாழ்வதே ஒரு புதிர்ப் பயிற்சி என்பேன். புளியரையில் பஸ் நிற்கும்போதே போனுக்குப் பக்கத்து மாநில டவர் கிடைத்து, விளம்பரமெல்லாம் மலையாளமாகிவிடும். தமிழ்நாட்டு மண்ணில் உட்கார்ந்திருக்கும் என்னை அது கொல்லத்துக்காரன் என்று முடிவுகட்டி ஓணத் தள்ளுபடி காட்டுகிறது. முழுத் தப்பும் இல்லை. 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊரே அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. ஆச்சி கடைசி வரை இரண்டு பக்கத்துச் சொல்லையும் ஒரே சட்டியில் போட்டுத்தான் கிண்டினாள்.

ஆனால் பாதி தெரிந்தவனுக்குத்தான் ஆபத்து. ஒரு மழைக்காலம். தென்மலைப் பக்கத்தில் ஒரு உறவினர் வீட்டில் விசேஷம். பக்கத்து வீட்டுக்காரர் மலையாளத்தில் அனுப்பிய குரல் பதிவு ஒன்று குழுவில் வந்தது: ‘நாளெ வெள்ளம் இல்ல.’ எங்கள் குழுவில் மலையாளம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிய மாமா ஒருவர் உடனே, ‘நல்ல செய்தி, நாளைக்கு வெள்ளம் கிடையாதாம், எல்லாரும் கிளம்புங்க’ என்று போட்டார். இரண்டு வேன் நிறைய ஆட்கள் போய் இறங்கினோம். வெள்ளம் இல்லைதான். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். குழாய் உடைந்து, குடிக்கவும் கைகழுவவும் ஒரு சொட்டு இல்லை. ஐம்பது பேர் சாப்பிட்ட கையோடு நின்றோம். மலையாளமே தெரியாத என் மச்சான், முந்தின நாளே யாரிடமோ ‘அப்படின்னா என்ன?’ என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சத்தம் போடாமல் இரண்டு கேன் தண்ணீரோடு வந்திருந்தார். தெரிந்த மாதிரி இருக்கிற சொல் வந்தால் நாம் கேட்பதையே விட்டுவிடுகிறோம்.

ஏஐ-யும் இந்த மாமா மாதிரி ஒரு காலத்தில் மாட்டிக்கொண்டது. புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் படகில் அக்கரை சேர்க்கிற புதிர் உங்களுக்குத் தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஏற்றலாம், புலியையும் ஆட்டையும் தனியாக விடக் கூடாது, ஆட்டையும் புல்லையும் தனியாக விடக் கூடாது. சுமார் 1,200 வருஷத்துக்கு முந்தைய லத்தீன் கணக்குத் தொகுப்பு ஒன்றில், அல்குயின் பெயரில் வழங்குவது, இதே புதிர் ஓநாய், ஆடு, முட்டைக்கோஸாக இருக்கிறது. 2024 வாக்கில் ஜனங்கள் ஒரு குறும்பு செய்தார்கள். புலியையும் புல்லையும் தூக்கிவிட்டு, ‘ஒரு ஆள், ஒரு ஆடு, ஒரு படகு, எப்படிக் கடப்பது?’ என்று மட்டும் கேட்டார்கள். பல ஏஐ-கள் ஆட்டை அக்கரை கொண்டுபோய், திரும்ப வந்து, மறுபடி போய், ஐந்தாறு தடவை அலைந்தன.

என் போனில் இருந்த ஒன்றிடம் நானும் தமிழில் கேட்டுப் பார்த்தேன். ஏழு படி போட்டது. மூன்றாவது படியில் ஆட்டைத் திரும்ப இக்கரைக்கே கொண்டுவந்தது, ‘பாதுகாப்புக்காக’. யாரிடமிருந்து என்று சொல்லவில்லை. முதல் நாலு சொல்லைக் கேட்டதும் மீதியை மனப்பாடத்திலிருந்து ஓட்டிவிடுவதுதான் காரணம். அதே கதை ஆயிரம் தடவை படித்த பழக்கம். என் பத்தாம் வகுப்புப் பையன்களும் ‘ஒரு ரயில் மணிக்கு 60 கிலோமீட்டர்’ என்று ஆரம்பித்தாலே கேள்வியை முடிக்கவிடாமல் பெருக்க ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு வந்த புதிய ஏஐ ஒன்று ‘ஆட்டோடு ஏறிக் கடந்துவிடுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஆட்டுக் கதையை ஒரு சாயங்காலம் டீக்கடையில் போட்டேன். ‘குண்டாத்தைக் கடக்கணும். ஆளு ஒருத்தன், ஆடு ஒண்ணு, படகு ஒண்ணு. எப்படிப் போவான், சொல்லுங்க பாப்போம்.’ டாஸ் தம்பி உஷாராகிவிட்டான். இதில் ஏதோ இருக்கிறது என்று வாயே திறக்கவில்லை. ஓரத்தில் பழம்பொரி தின்றுகொண்டிருந்த புனலூர் லாரி டிரைவர் ஒருவர்தான் தலையை நிமிர்த்திக் கேட்டார்: ‘சேட்டா, ஆற்றில் வெள்ளமுண்டோ?’

கடைக்கார அண்ணாச்சி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

‘நீங்க எந்த வெள்ளத்தைக் கேக்கீங்க?’